கேட்க வாய் கூசினாலும்

அமைச்சகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எப்போதோ நின்றுபோன லிஃப்டுக்கு இடது பக்கம், வெளிநாட்டு உதவிப் பிரிவு இருந்தது. பெயரைக் கேட்டால் பெரிய இடம் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு மேசை, ஆறு இரும்பு பீரோ, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னலோர மேசை மனு அக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. செயலாளரிலிருந்து கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மனு அக்காதான்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அவளுக்கு இருபது வயதாகும்போது அப்பா செத்துப்போனார். நகரத்துக்குக் குடிநீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவர் ஃபிட்டர். வால்வு மாற்றப் போனவர் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தார். மேலே நின்றவர்கள் பம்பை நிறுத்த ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மிஞ்சியது அவளும், பதினெட்டு வயதுத் தம்பியும், ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குவார்ட்டர்ஸும். பணியில் செத்தவரின் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. விதி இருந்தால் போதுமா, யாராவது கேட்க வேண்டுமே. தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு மனுக்கள் போன இடம் தெரியவில்லை. கடைசியில் அவளே உட்கார்ந்து எழுதினாள். முதல் வரி இது: “கேட்க வாய் கூசினாலும், கேட்காமல் வாழ வழியில்லாத நிலையில் கேட்கிறோம்.”

பத்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதிகாரி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை எழுதினது யாரும்மா?” என்றார்.

“நான்தான் எழுதினேன் சார்.”

தம்பிக்குப் பம்ப் ஹவுஸில் உதவியாள் வேலை கிடைத்தது. இந்தக் கையை வெளியே விடக்கூடாது என்று அவளையும் அமைச்சகத்தில் டைப்பிஸ்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே வரியில் இரண்டு பேருக்கு அடுப்பு எரிந்தது. அன்றிலிருந்து பென்ஷன் நின்றுபோன கிழவர், வீட்டுமனை கேட்கும் விதவை, இடமாற்றம் கேட்கும் டீச்சர் என்று ஆள் மாற்றி ஆள் வெள்ளைத் தாளோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். “மனு அக்கா எழுதிக் கேட்டா கிடைக்காம போகாது” என்று ஒரு பேச்சு பரவியது. அவள் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி அவள் பேசுவதுமில்லை. தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பெண்கள் எல்லோரும் பள்ளத்துத் தெருவில் மூன்று அறை வீட்டில் அவளோடுதான் இருந்தார்கள். தம்பி தலைமை ஃபிட்டர் ஆகியிருந்தான். ஸ்குரூ டிரைவரின் முனையைப் பம்பின் மேல் வைத்து, பிடியில் காதை வைத்து, உள்ளே எந்த பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவான். பம்ப் ஹவுஸில் மூன்று பம்புகள். ஆட்கள் அவற்றைப் பெரியவ, நடுவுலவ, சின்னவ என்றுதான் கூப்பிட்டார்கள். “பெரியவளுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல” என்று தம்பி சாப்பிடும்போது சொன்னால், மறுநாள் பள்ளத்துத் தெருவில் தண்ணீர் வராது என்று அர்த்தம். தம்பி பெண்டாட்டி உடனே எழுந்துபோய் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பி வைப்பாள்.

வெளிநாட்டு உதவிப் பிரிவின் வேலை என்ன என்று கேட்டால், கேட்பதுதான். ரோடு கேட்பது, ஊசி மருந்து கேட்பது, பள்ளிக்கூடக் கூரை கேட்பது. ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை இருந்தது. கொடுக்கிற நாடுகளின் சட்டப்படி, கேட்காதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கேட்காமல் கொடுத்தால் அது தலையீடு; கேட்டபிறகு கொடுத்தால் கூட்டாண்மை. ஆகவே அவர்கள் என்ன கொடுக்க முடிவுசெய்திருக்கிறார்களோ, அதை நாம் கேட்டாக வேண்டும். என்ன கேட்பதென்று தெரியாமல் நாம் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று, கேட்கும் கடிதத்தையும் அவர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள். முத்திரை நம்முடையது, கையெழுத்து நம்முடையது, தேதி நம்முடையது. வாசகம் மட்டும் அவர்களுடையது. என்ன கரிசனம் பாருங்கள்.

இதில் ஒருமுறை சிக்கல் வந்தது. ஒன்பது நாடுகளிலிருந்து வந்த கோரிக்கைக் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கின்றன என்று அவர்களுடைய தலைமையகத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, கடிதம் உங்கள் குரலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் மனு அக்காவின் இருபத்தேழு வருட வேலை. வழுவழுவென்று வரும் வாசகத்தை எடுத்து, நம் ஆட்கள் பேசுகிற மாதிரி வளைத்து, முன்னால் ஒரு நீண்ட வணக்கம் வைத்து, நடுவில் கொஞ்சம் பெருமூச்சு சேர்த்து அவர்கள் மொழியிலேயே திருப்பி எழுதுவாள். பிரிவில் அதற்கு மண் பூசுவது என்று பெயர். “அக்கா, மண் பூசியாச்சா?” என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்பார்கள். பூசுகிற மண்ணில் முதல் பிடி எப்போதும் அந்த வரிதான். கேட்க வாய் கூசினாலும், கேட்காமல் வாழ வழியில்லாத நிலையில் கேட்கிறோம். அவர்கள் மொழியிலும் அது நன்றாகவே வந்திருந்தது.

கடிதங்களைக் கொண்டுவருபவர் பென்சில் துரை. உதவி தரும் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத் தலைவர். தங்கமான மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மாடியும் நடந்தே ஏறி வருவார், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், வாத்தியார் வைத்து நம் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வாத்தியார் எந்தக் காலத்து ஆளோ, துரை பேசினால் பாடப்புத்தகம் எழுந்து நடந்து வருவது மாதிரி இருக்கும். அவர் கையில் பேனாவை யாரும் பார்த்ததில்லை. திருத்தம் எல்லாம் ஓரத்தில் பென்சிலால், மெல்லிய எழுத்தில். தட்டச்சு முடிந்ததும் அந்தப் பென்சில் குறிப்புகளை அழித்த பிறகுதான் ஃபைல் ரெக்கார்டு அறைக்குப் போக வேண்டும். அழிப்பதும் மனு அக்காதான். மாதம் பன்னிரண்டு ரப்பர் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து ஸ்டேஷனரி கிளார்க், “அக்கா ரப்பரைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுறாங்க போல” என்பார்.

அந்த வாசகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தலைப்பில் குடிநீர் என்று பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். இரண்டாம் பக்கத்தில் சந்தோஷம் போய்விட்டது. நகரத்துக்குப் புதிய நீரேற்று நிலையம் வரும். அதை அவர்கள் நாட்டு நிறுவனம் ஒன்று கட்டி, அதுவே நடத்தும். தெருக் குழாய்கள் போய், காசு கட்டி வாங்கிய அட்டையைப் போட்டால் தண்ணீர் விடும் குழாய்கள் வரும். பழைய பம்ப் ஹவுஸ் மூடப்படும். “அதன் நூற்றுப் பன்னிரண்டு பணியாளர்களை வேலையிலிருந்து விடுவிக்க எங்கள் அரசு தானாகவே முன்வந்து முடிவு செய்திருக்கிறது” என்று எழுதியிருந்தது. அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒருவன் அவள் தம்பி. ஐம்பத்துநான்கு வயதில், பம்பைத் தவிர வேறு எதையும் தொட்டறியாதவன். தலைவலி என்று சொல்லிவிட்டு அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள்.

விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தம்பி வேலை முடிந்து வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, உங்க பம்ப் ஹவுஸ் நல்லா ஓடணும்னா என்னடா வேணும்?” என்று கேட்டாள்.

தம்பி சிரித்தான். “முப்பத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்குறியா? உங்க ஆபீஸ்ல யாராச்சும் கேக்கச் சொன்னாங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

அவன் மூலையில் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்தான். ஷாஃப்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் கயிறு வந்த பெட்டி அது. பால்பாயிண்ட் பேனாவை எச்சில் தொட்டு எழுத ஆரம்பித்தவன் கை நிறுத்தவே இல்லை. பெரியவளுக்கு இரண்டு பேரிங், ஒரு ஷாஃப்ட். நடுவுலவளுக்குத் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர். மூன்று வால்வு. ஒரு கடைசல் மெஷின், அது இருந்தால் பாதி சாமானை நாங்களே செய்துகொள்வோம். மொத்தம் பதினான்கு அயிட்டம். “இதைக் கொடுக்கச் சொல்லுக்கா. இன்னும் இருபது வருஷத்துக்கு ஓட்டிக் காட்டுறோம். நீதான் எழுதுவியே, எழுதிக் கேளு. நீ கேட்டுக் கிடைக்காததா?” என்றான்.

மறுநாள் அவள் இருபத்தேழு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். வாசகத்துக்கு மண் பூசவில்லை. அதற்கு முன்னால் தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதி, தம்பியின் அட்டையைப் பின்னால் வைத்து, ஃபைலைச் செயலாளருக்கு அனுப்பினாள். குறிப்பில் மூன்றே வரி. பழைய நிலையத்தைப் பழுதுபார்க்கப் பதினான்கு பொருள் போதும் என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள், பட்டியல் இணைப்பில், நாம் கேட்பதென்றால் இதையும் கேட்கலாமா என்று பார்க்க வேண்டுகிறேன்.

செயலாளர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கதை கேட்பவர்களுக்கு ஒரு கெட்டவன் வேண்டியிருக்கிறது, இங்கே அப்படி ஆள் கிடைக்கமாட்டான். அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

“இவ்வளவுதானாம்மா?”

“இவ்வளவுதான் சார்.”

“நாமளும்தான் ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமே. கேட்டா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை அவள் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை துரையை வரச் சொன்னார். குறிப்பெடுக்க அவளும் இருக்க வேண்டும் என்றார்.

துரை வந்தார். செயலாளர் சுற்றி வளைக்காமல் கேட்டார். “ஒரே ஒரு வரி சேர்க்கணும். பழைய பம்ப் ஹவுஸை மூட வேண்டாம். அதுக்கு உதிரிபாகம் வேணும். அதையும் எங்க கோரிக்கைல போடணும்.”

துரையின் முகம் மலர்ந்தது. “மிகவும் நல்லது. இது உங்கள் கடிதம். நான் வெறும் விருந்தாளி, வீடு உங்களுடையது” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரியைத் தானே ஓரத்தில் அழகாக எழுதினார். அவர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. மனு அக்கா அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

துரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். குரலில் கடுமை துளியும் இல்லை. கோரிக்கை மாறினால் அது புதிய கோரிக்கை. புதிய கோரிக்கை என்றால் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும், அது அடுத்த வருடம். இதே கடிதத்தில் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தும் மாவட்ட ஆஸ்பத்திரிகளின் மருந்தும் சேர்ந்து இருக்கின்றன அல்லவா, அவையும் இதோடு காத்திருக்க நேரும். மற்றபடி தடை ஏதும் இல்லை. “முடிவு முழுக்க முழுக்க உங்களுடையது. நாங்கள் எதையும் திணிப்பதில்லை” என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ரப்பரை எடுத்துப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

செயலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆஸ்பத்திரிகளில் மருந்து எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த மருந்து இருப்புப் பட்டியலை டைப் அடித்ததும் அவள்தான். கடைசியில் அவர் கையை நீட்டி ரப்பரை எடுத்தார். வேறு யாரையும் அழிக்கச் சொல்லவில்லை, அவரே அழித்தார். அழுத்தி அழித்ததில் தாள் கொஞ்சம் கசங்கியது. துகளை ஊதிவிட்டு ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

“அடிச்சுக் கொண்டு வாங்கம்மா” என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அடித்தாள். வழக்கம்போல மண் பூசினாள். முதல் வரியை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது இல்லாவிட்டால் தலைமையகத்தில் கேள்வி வரும், கேள்வி வந்தால் மருந்து தள்ளிப்போகும். எழுதினாள். அந்த வாரம் அமைச்சர் வானொலியில் பேசினார். நம் நாடு யாரிடமும் கைகட்டி நிற்காது, நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம் என்று முழங்கினார். அந்தப் பேச்சையும் மூன்றாம் மாடியில்தான் தயாரித்தார்கள்.

வீட்டில் தம்பி தினமும் கேட்டான். “என் அட்டை என்னக்கா ஆச்சு?”

“மேல போயிருக்கு.”

“மேலன்னா?”

“மேலன்னா மேலதான். வரும், இரு.”

அவன் அதை நம்பினான். கடைசல் மெஷின் வந்தால் எங்கே வைப்பது என்று பம்ப் ஹவுஸில் இடம்கூடப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டார்களாம். அதைச் சொன்ன இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி பெண்டாட்டி, “அண்ணி, உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்ப்புக் குழு வந்தது. கோரிக்கைகள் உண்மையிலேயே நாடுகள் தாங்களாகக் கேட்டவைதானா, யாரும் பின்னால் நின்று சொல்லிக் கொடுக்கவில்லையே என்று பார்ப்பதற்காகவே தலைமையகம் அனுப்பிய மூன்று பேர். துரை அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் பயந்துதான் இருந்தார். இது மனு அக்காவுக்கு ஆச்சரியம். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கும் மேலே இருக்கும்போல என்று தோன்றியது.

குழுவின் தலைவி நரைத்த தலைமுடியும் சோர்ந்த கண்களுமாக இருந்த பெண். கடிதத்தின் முதல் வரியை வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். பதினாறு நாடுகளின் கடிதங்களைப் படித்திருக்கிறேன், இப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை, இது எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதக்கூடிய வரி இல்லை, ஒரு மக்களின் உள்ளேயிருந்துதான் இது வர முடியும் என்றாள். பிறகு மேசையைச் சுற்றி எல்லோரையும் பார்த்து, “இந்தக் கடிதத்தை எழுதியது யார்?” என்று கேட்டாள்.

செயலாளர் துரையைப் பார்த்தார். துரை மேசையைப் பார்த்தார். மனு அக்கா ஃபைலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்தப் பெண் நல்லவள் என்று அவளுக்குப் பட்டது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதை நாங்கள் கேட்கவில்லை, நாங்கள் கேட்டது பின்னால் ஒரு அட்டையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். பம்ப் ஹவுஸ் பிழைத்துவிடும். ஆனால் மருந்து? இருபத்தேழு வருடக் கடிதங்கள்? செயலாளரின் வேலை, இரண்டு வருடத்தில் வரப்போகும் அவள் பென்ஷன்? இத்தனை பயமும் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால் இன்னொன்று வந்துவிட்டது. அந்த வரியைப் புகழ்ந்துவிட்டார்கள். கேட்டவுடன் அவளுக்குள் குளிர்ந்துபோன அந்த ஒரு நொடியை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தன்னைத் தானே அடித்துக்கொள்ளப் போகிறாள்.

“நான்தான் எழுதினேன்” என்றாள்.

தலைவி எழுந்து வந்து கைகொடுத்தாள். இன்னொருவர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டார். மூன்றாமவர் இளைஞர், ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், கிரீஸ் கறை படிந்த அட்டையைப் பார்த்து நின்றார். இது என்ன என்று கேட்டார். அதிலிருந்த எழுத்து அவருக்குத் தெரியாத எழுத்து.

செயலாளரின் கை மேசைமேல் அசைந்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

“ஒண்ணுமில்லைங்க. ஃபைல் மடங்காம இருக்க வெச்ச அட்டை” என்றாள் மனு அக்கா. சொன்னதை அவர்கள் மொழியிலும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அத்தனை வேகமாக ஒரு வேலை நடந்து அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. மருந்து வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது, பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். ஆறாவது வாரம், பம்ப் ஹவுஸ் வாசலில் ஒட்டுவதற்கான அறிவிப்பு அவள் மேசைக்கு வந்தது. கோரிக்கைக் கடிதத்தை நம் மொழியில் அப்படியே வெளியிட வேண்டும், மக்களுக்கு எதையும் மறைக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஒரு விதி. மொழிபெயர்த்ததும் அவளே. அவர்கள் மொழியிலிருந்து அந்த வரி தன் சொந்த வார்த்தைகளுக்கே திரும்பி வந்தபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஒட்டுவதற்கு ஆள் போவது வெள்ளிக்கிழமை என்றார்கள். வியாழக்கிழமை தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராகப் பம்ப் ஹவுஸுக்குப் போனாள்.

ஒட்டும் ஆள் சுறுசுறுப்பானவன். வியாழக்கிழமையே ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பசை இன்னும் காயவில்லை. எழுத்து பொடியாக இருந்ததாலும், நிறையப் பேருக்குக் கண் சரியில்லாததாலும், தம்பி முன்னால் நின்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஷிஃப்டில் இருந்தவர்களும் வெளியே வந்திருந்தார்கள். உள்ளே நடுவுலவ மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.

“மதிப்புக்குரிய ஐயா,” என்று படித்தான். “கேட்க வாய் கூசினாலும்...”

அதோடு நிறுத்தினான். தாளுக்கு இன்னும் கிட்டப் போனான். பிறகு தாளைப் பார்க்காமலே மீதியைச் சொன்னான். “கேட்காமல் வாழ வழியில்லாத நிலையில் கேட்கிறோம்.” அவன் பெட்டியில், முதல் சம்பளச் சீட்டோடு, அப்பா செத்தபோது அக்கா எழுதிய மனுவின் நகல் இருந்தது. முப்பத்தாறு வருடமாக அது அவனுக்கு மனப்பாடம்.

மீதிக் கடிதத்தை அவன் மெதுவாகப் படித்தான். விடுவிக்க, தானாகவே முன்வந்து, நூற்றுப் பன்னிரண்டு, எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தான். கூட்டத்தில் யாரோ, “நாம எப்போடா இதைக் கேட்டோம்?” என்றார்கள். அப்போதுதான் அவன் திரும்பினான், இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்ற அவளைப் பார்த்தான்.

அவன் பக்கத்தில் வந்தான். ரகசியம் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கூட்டத்தில் அவளை விட்டுக்கொடுக்க அப்போதும் அவனுக்கு மனம் வரவில்லை.

“அக்கா, இது யார் எழுதினது?”

வாசகம் துரையுடையது, ரப்பர் செயலாளருடையது, கட்டத்தில் குறி போட்டது வேறொருவன், இப்படி எத்தனையோ சொல்லலாம். வரும் வழி முழுக்க அவள் அதையெல்லாம் அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“நான்தான் எழுதினேன்.”

“என் அட்டை?”

“ஃபைல்ல இருக்கு.”

அவன் தலையை ஆட்டினான். கையிலிருந்த கிரீஸ் துணியை மடித்துக்கொண்டான். அதற்குள் மற்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள். “அட, மனு அக்கா வந்திருக்காங்க!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். சட்டென்று அவர்களுக்கெல்லாம் ஒரு தெம்பு வந்துவிட்டது. ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் பம்ப் ஓடிய நேரம் குறிக்கும் லாக் புத்தகத்திலிருந்து தாள் கிழித்தார், ஒருவர் பேனா நீட்டினார்.

“அக்கா, எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கக்கா. நாங்க யாரும் இதைக் கேக்கலைன்னு எழுதுங்க. நீங்க எழுதினா நடக்கும்.”

தம்பி பின்னாலிருந்து சொன்னான். சத்தம் போடவில்லை, சிரிக்கவுமில்லை.

“ஆமா. எங்க அக்கா எழுதிக் கேட்டா கிடைக்காம போகாது. பாருங்க, கிடைச்சிருக்கு.”

அவர்களில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. புரிந்தவர்கள் சுவரில் இருந்த தாளையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நீட்டிய பேனா அப்படியே நீண்டிருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடியில் தாளை வைத்தாள். யாருக்கு என்று எழுத வேண்டும், எந்த வரியில் ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்தாள். தெரிந்திருந்தது ஒரே ஒரு வரிதான், அது எதிரே சுவரில் ஒட்டியிருந்தது.

தம்பி உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நடுவுலவளின் சத்தம் மாறுவது கேட்டது. பேரிங் முனகுகிறது என்று வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. அவள் தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், அவர்கள் அவள் எழுதுவாள் என்று சுற்றி நின்றார்கள்.